டேங்குக்குக் கால் உண்டு

பாறசாலைப் பக்கம் ஓவர்சியராக மாற்றலாகி வந்த முதல் நாளே பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கட்டு பைலைக் கையில் கொடுத்தார்கள். புதுவீட்டுக்கு நம்பர் போட வேண்டுமானால் கூரை மழைநீரைச் சேர்க்க டேங்க் இருக்க வேண்டும். பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

முதல் வீட்டில் ஆயிரம் லிட்டர் கறுப்பு டேங்க். யாரோ சிவப்புப் பெயின்ட் கையோடு தொட்டிருந்தார்கள். ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தன. கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் கொல்லயில் என்ற ஊரின் எல்லையோரம் இன்னொரு வீடு. டேங்கில் அதே ஐந்து விரல். கம்பெனி முத்திரை போலிருக்கிறது என்று அதற்கும் போட்டேன். என் புத்தி அப்படி.

மூன்றாவது, காரக்கோணத்தில் தையல் கடை வைத்திருந்த ஸ்டெல்லாவின் வீடு. குடியிருந்த வாடகை வீட்டைப் பத்து நாளில் காலி செய்ய வேண்டும். புதுவீட்டுக்கு நம்பர் கிடைத்தால்தான் கரண்ட் கனெக்‌ஷன். அங்கேயும் அந்த ஐந்து விரல் என்னைப் பார்த்துக் கையசைத்தது.

"இந்த டேங்க் போன வாரம் வேற வீட்டுல நின்னுதே?"

"அதுக்கு காலு உண்டு சாரே. பிக்கப் ஓட்டுற செல்வராஜ் அண்ணனுக்க டேங்காக்கும். ஊருக்கே ஒண்ணுதான்."

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கோபத்தை மட்டும் வெளியே காட்டினேன். "காலி டேங்குக்கு நம்பர் கிடையாது. மழைத்தண்ணி நிறையட்டும், பிறகு வாறேன்."

நிறைந்த டேங்க் ஒரு டன் எடை. பிக்கப்பில் ஏறாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா போன் செய்தார், டேங்க் நிறைந்துவிட்டதாம். ஊரில் ஒரு துளி மழை இல்லை. போய் மூடியைத் திறந்தேன். உள்ளே குட்டி மீன் ஒன்று நீந்தியது.

"மழையில மீனும் பெய்யுமா?"

"எங்க ஊரு மழையாக்கும் சாரே. எல்லாம் உண்டு."

கிணற்றில் கொசுப்புழுவைத் தின்ன விட்ட மீன், வாளியோடு வந்துவிட்டது. அதைக் கிணற்றிலேயே விடச் சொல்லிவிட்டு டேங்கின் குழாயைத் திறந்தேன். தண்ணீர் முழுவதும் தென்னையின் அடிக்குப் போனது.

"இனி ஏழு நாளுதான் சாரே" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை.

இரண்டு நாளில் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. நான் போனபோது டேங்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் செல்வராஜ் பிக்கப்போடு நின்றார். அடுத்த வீட்டில் டேங்க் கேட்கிறார்களாம்.

"மக்கா, வெள்ளத்தத் திறந்து விடு. எடுத்துட்டு போறேன்" என்றார் ஸ்டெல்லாவிடம். அந்தப் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்பார்கள்.

"கெணத்து வெள்ளத்த சாரு கொட்டியாச்சு. இது மானத்துல இருந்து பெய்த வெள்ளமாக்கும். ஒரு சொட்டு கொட்ட விடமாட்டேன். வேணும்னா வெள்ளத்தோட தூக்கிட்டு போ அண்ணா."

செல்வராஜ் டேங்கைக் கட்டிப்பிடித்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். அதோடு டேங்க் அங்கேயே நின்றுவிட்டது.

ரிட்டயராகும் வருடம் நெய்யாற்றின்கரையில் நானும் வீடு கட்டினேன். மறுநாள் காலை அங்குள்ள ஓவர்சியர் பார்வையிட வருகிறார். டேங்க் வாங்க மறந்துவிட்டேன். மறந்ததாகத்தான் வீட்டில் சொன்னேன். வெட்கத்தை விட்டு ஸ்டெல்லாவிடம் போய், ஒரே ஒரு நாளைக்கு டேங்கைத் தர முடியுமா என்று கேட்டேன்.

அவர் மூடியைத் திறந்து காட்டினார். விளிம்புவரை தண்ணீர்.

"இப்ப அதுக்கு காலு இல்ல சாரே. வெட்டினது நீங்கதானே."

அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் புது டேங்க் வாங்கினேன். வேலைக்குப் புதிதாக வரும் ஓவர்சியர்களே, மூடியைத் திறந்து பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு ஒரு டேங்க் வாங்கிவிடுங்கள்.