மாமியார் போட்ட மதிப்பெண்

நீல அட்டையில் கிளிப் போட்டுச் செருகிய இரண்டு பக்கப் படிவம் அது. இப்போது எல்லாம் டேப்லட்டில் வந்துவிட்டது. வளைகுடா நாட்டில், முசஃபா என்ற ஊருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் நான் நர்சாகச் சேர்ந்த முதல் ஆண்டில், பிள்ளை பெற்ற அரபுத் தாய்மார்களிடம் அதைக் கேட்டு நிரப்புவது என் வேலை. ‘என் குழந்தைக்குப் போதுமான பால் கிடைக்கிறதா என்று என்னால் சொல்ல முடியும்’ என்பது போல வரிசையாக வாக்கியங்கள். துளியும் நம்பிக்கை இல்லையென்றால் ஒன்று, முழு நம்பிக்கை என்றால் ஐந்து. படிவத்தில் இருந்ததோ டிவியில் செய்தி வாசிப்பவர்களின் அரபு. அதைத் திருநெல்வேலி நாக்கால் நான் வாசித்தால், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்து முடித்து, “கம்சா, அல்ஹம்துலில்லாஹ்” என்பார்கள். கம்சா என்றால் ஐந்து. எல்லாருக்கும், எல்லாக் கேள்விக்கும் ஐந்து. வார்டு டாக்டரம்மாவுக்குப் பரம சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், வார்டு உதவியாளர். பல வருடம் ஓர் அரபு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் அடுப்படி அரபு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒருநாள் காலை, தலைப்பிள்ளை பெற்ற ஒரு சின்னப் பெண்ணிடம் படிவத்தை நீட்டினேன். குழந்தையின் எடை இறங்கிக்கொண்டே இருந்தது. இனியும் இறங்கினால் புட்டிப்பால்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள், கட்டிலருகே உட்கார்ந்திருந்த மாமியார் “கம்சா” என்றார். அடுத்ததற்கும் கம்சா. எங்கள் குடும்பத்தில் பால் இல்லை என்ற பேச்சே கிடையாது என்று நெஞ்சில் தட்டிக்கொண்டார். அந்தப் பெண் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னை வாசலுக்கு இழுத்தார். “பிள்ளை, நீர் ஆரைக் கேக்கிறீர்? பால் குடுக்கிறது மருமகள், மார்க்ஸ் போடுறது மாமியார் எல்லோ!”

பிறகு உள்ளே போய் மாமியாரிடம் ஏதோ பணிவாகக் கேட்டார். வெந்தயக் கஷாயம் சரியாகப் போட இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, நீங்கள் வந்து காட்ட வேண்டும் என்றாராம். அந்த அம்மாள் கறுப்பு அங்கியான அபாயாவை இழுத்துவிட்டுக்கொண்டு படைத் தளபதி போலப் புறப்பட்டார். சற்று நேரத்தில் வார்டுச் சமையலறையில் யாரையோ அதட்டும் குரல் கேட்டது.

அக்கா திரையை இழுத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். படிவத்தைத் தொடவே இல்லை. எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் உடைந்து அழுதாள். அழுகைக்கு நடுவில் எனக்குப் புரிந்தது ஒரே சொல், “ஸிஃபர்.” கணக்கு வாத்தியார் என் நோட்டில் போட்ட அதே சைபர்!

“அக்கா, இதுல ஒண்ணுக்குக் கீழ கட்டமே இல்லையே?”

“ஒண்டில போடும். முதல்ல குழந்தையைத் தாரும்.”

குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, தலையணையை முட்டுக்கொடுத்து, அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்தார். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. விழுங்கும் சத்தம் கேட்டதும் அழுகை நின்றது. மறுநாள் எடை கொஞ்சம் ஏறியிருந்தது.

டாக்டரம்மா படிவத்தைப் பார்த்துப் பதறிப்போனார். எப்போதும் வரும் ஐந்து எப்படி ஒன்றானது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்றார். ஐந்து சொன்னது மாமியார் என்று சொல்லி, எடைத் தாளை நீட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இனிமேல் கேள்வி கேட்கும்போது உறவினர் கூடாது என்று உத்தரவு போட்டார்.

வீட்டுக்குப் போகும் நாளில் மறுபடி கேட்டேன். பெண் நிதானமாக யோசித்துப் பெரும்பாலும் மூன்று என்றாள். திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மாமியார் பொறுக்க முடியாமல் உள்ளே வந்துவிட்டார். ஏழு பிள்ளை பெற்ற என்னை ஏன் யாரும் கேட்கவில்லை என்று சண்டைக்கு நின்றார். அக்கா சளைக்காமல் வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, முதல் பிள்ளையிலிருந்து சொல்லுங்கள் என்றார்.

அந்த அம்மாள் வாயைத் திறந்தார், மூடினார். மருமகளைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“என்னவாம் அக்கா?”

“முதல் பிள்ளைக்குப் பாலே வரேல்லையாம். பக்கத்து வீட்டுக்காரிதான் குடுத்தவவாம். அந்தப் பிள்ளைதான் இவளின்ர புருசனாம்!”

அந்த நேரம் பார்த்து, காரில் குழந்தையை வைக்கும் இருக்கையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளையே வாசலில் வந்து நின்றான். நான்கு பெண்கள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிப்பது ஏனென்று அவனுக்கு விளங்கவில்லை. கிளம்பலாம் என்பதாக “யல்லா” என்றான். சிரிப்பின் காரணத்தை மட்டும் அவனிடம் யாரும் சொல்லவில்லை.