நான்கு காலண்டர்கள் தொங்கிய சுவர்

1991 ஆவணியில், தொண்டியில் எங்கள் முதல் வாடகை வீட்டுக்குக் குடிபோனோம். ஒரு நாற்காலிகூட இல்லாத வெற்று வீடு. எந்தச் சுவருக்கு என்ன நிறம், எங்கே எந்தப் படம் என்று என் மனைவி செல்வி திட்டம் போட்டாள். கூடத்தில் ஒரு சுவரில் மட்டும் நெருக்கமாக நான்கு காலண்டர்கள் தொங்கின.

"முன்னால இருந்தவுக போன வாரந்தான் காலி பண்ணுனாக. அதுகள எடுக்காதீக, செவரு பாக்க லெச்சணமா இருக்குல்ல?" என்றார் வீட்டுக்காரம்மா.

மற்ற சுவர்களில் ஆணியைக்கூடப் பிடுங்கிப் போனவர்கள் காலண்டர்களை விட்டுப் போவார்களா? தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். தாள் சித்திரையோடு நின்றிருந்தது. அப்படியானால் வீடு நான்கு மாதமாகப் பூட்டிக் கிடந்திருக்கிறது.

"பொண்ணு பாக்க வந்தப்பவும் எங்க வீட்டுக் காலண்டரத்தான பாத்தீக!" என்று சிரித்த செல்வி, எங்கள் கல்யாணப் படத்தை மாட்ட அந்தச் சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினாள்.

அந்த நான்கும் எதையோ மறைக்கின்றன என்று பட்டதால், அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, ஒரு காலண்டரைக் குச்சியால் விலக்கினேன். பின்னால் சுவர் ஈரம் ஊறி உப்புப் பூத்திருந்தது. நடுவே மின்கம்பி பதித்த தடம். மின்சாரம் இருக்கிறதா என்று காட்டும் டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்து ஈரத்தில் வைத்தேன். அதன் சிறு விளக்கு எரிந்தது.

"கடக்கர வீடுன்னா உப்புப் பூக்கத்தான் செய்யும்," என்றார் வீட்டுக்காரம்மா, எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

அன்றே வெளியேறினோம். இப்போதெல்லாம் புது வீட்டில் நிறம், படம் என்று பேசுமுன், மாட்டியிருப்பதை எல்லாம் கழற்றிப் பார்க்கிறோம். தேதியை நான் பார்ப்பேன். டெஸ்டரைச் செல்வி வைப்பாள்.