மரமஞ்சளின் சொந்தக்காரர்

கத்தாரில் இருக்கும் மச்சாள் அனுப்பிய பார்சலில் ஒரு பொதி சிவப்பு வத்தல் இருந்தது. 'பார்பெரி' என்று எழுதியிருந்தது. ஈரான்காரர் சோற்றில் தூவுவார்களாம். பேசாலையில் என் மாமனார் வீட்டில் யாரும் அதைக் கண்டதில்லை.

மாமா என்னைக் கைபேசியில் தேடச் சொன்னார். அது ஒரு முட்செடியின் பழம், அந்தச் செடியின் இந்திய வகைக்கு மரமஞ்சள் என்று பெயர் என வந்தது.

"மரமஞ்சளோ! பிறகேன் சோத்தில போடுறாங்கள்? தடிமனுக்கு அவிச்சுக் குடிக்கிற சாமான்," என்றார் மாமா. அவருக்கு அப்போது நல்ல தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

மேலும் வாசித்தேன். நாங்கள் மருந்துக்கடையில் வாங்கும் மரமஞ்சள் மழைக்காட்டுக் கொடி. கொடியின் தண்டும் மஞ்சள், முட்செடியின் கட்டையும் மஞ்சள், இரண்டும் கசக்கும். ஆனால் குடும்பம் வேறு. மூங்கில் என்று பெயர் வைத்து அழகுக்கு வளர்க்கும் ஒரு செடிதான் முட்செடிக்குச் சொந்தம். அது மூங்கிலே இல்லை.

"பேர் ஒண்டெண்டா சொந்தம்தானே, தம்பி?"

"அப்பிடிப் பாத்தா பேசாலையில அரைவாசிப் பேர் ஒரே குடும்பம், மாமா."

அவர் கேட்கவில்லை. ஒரு பிடி வத்தலைக் கொத்தமல்லியோடு அவித்துக் குடித்தார். புளித்தது.

"கசக்கேல்ல. இது கள்ளச் சாமான்," என்றவர், அதைத் திருத்துவதற்காகக் கடை மரமஞ்சளையும் அள்ளிப் போட்டுக் கொதிக்கவைத்து, வடித்துக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிளாசில் ஆறவைத்தார்.

அன்று மத்தியானம் பங்குச் சுவாமியாருக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. மச்சாள் போனில் சொன்னபடி மாமி சோறாக்கி, வத்தலைத் தூவினார். கடைசியாகக் குங்குமப்பூ ஊறிய தண்ணீரை ஊற்ற வேண்டும். என் மனைவி அதை ஒரு கிளாசில் ஊறப்போட்டிருந்தாள். மாமியின் கைக்கு அகப்பட்டதோ மாமாவின் கசாயம். அதுவும் பொன்னிறம்தான்.

சோறு பார்க்க அவ்வளவு அழகு. சுவாமியார் செபம் சொல்லி, ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்திச் சுவரைப் பார்த்தார்.

"எப்பிடி, பாதர்?" என்று மாமி கேட்டார்.

"வெளிநாட்டுச் சாப்பாடு... வித்தியாசமாத்தான் இருக்கு."

மாமியும் ஒரு வாய் வைத்தார். "ஐயோ மாதாவே!"

மாமாவின் முகம் மலர்ந்தது. "இப்பதான் இது மரமஞ்சள்!" என்று சோற்றுக் கோப்பையைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டார். அவர் சாப்பிடும்போது தாம் நிறுத்துவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சுவாமியாரும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நாங்களும் விழுங்கினோம். கடைசியில் மாமி எல்லாக் கோப்பைகளையும் பறித்துக்கொண்டு போனார்.

மாமாவின் தடிமன் மாறவில்லை. நான் சைக்கிளில் போய்க் கொத்துரொட்டி வாங்கிவந்தேன். முதல் சொன்ன செபம் இதற்கும் செல்லுமா என்று மாமி கேட்டார். சுவாமியார் முதலில் கொத்துரொட்டியை முகர்ந்து பார்த்தார். பிறகு இன்னொரு முறை செபம் சொன்னார், மிகச் சுருக்கமாக.