ஜமீன்தார் திறந்த களஞ்சியம்

திண்டிவனம் பழைய புத்தகக் கடையில் அன்றுதான் ஒரு ஜமீன்தாரின் சுயசரிதை கிடைத்தது. வட்டார வரலாறு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது புதையல். விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதும் பரபரவென்று புரட்டத் தொடங்கினேன்.

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். வெள்ளை மீசை, சட்டைப் பையில் மூன்று பேனா. மல்லாட்டையை உடைத்து, தான் ஒரு கடலை தின்றால் எனக்கும் ஒன்று நீட்டினார். புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததும் சிரித்தார்.

“புலி வேட்டை படிச்சீங்களா சார்?”

“படிச்சேன் ஐயா. அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது!”

“இந்த புக்கு முழுக்க நான் எழுதினதுதான். ஜமீன்தாரு துப்பாக்கியே தொட்டதில்லீங்க. அப்பா பேரு நிக்கணும்னு அவரு புள்ளை என்னைக் கேட்டுக்கினே இருந்தாரு. புலியைக் கொண்டாந்து விட்டேன்.”

பஞ்சம் பற்றிய பக்கத்தைப் புரட்டினேன். “அப்போ, பஞ்சத்துல களஞ்சியத்தைத் திறந்து நெல்லு கொடுத்தது?”

அவர் கை நின்றது. “அவரு எங்கங்க திறந்தாரு? ஜனங்க பூட்டை ஒடைச்சாங்க. எங்க தாத்தாதான் முதல் அடி அடிச்சாரு.”

விக்கிரவாண்டியில் அவர் இறங்கிப் போய்விட்டார். புத்தகத்தில் இல்லாத வரலாறு கிடைத்த குதூகலத்தில், மறுநாளே ஜமீன் ஊருக்கு ஓடினேன். விசாரித்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: “ஜமீன்தாருதாங்க திறந்து விட்டாரு. புக்குலயே போட்டிருக்குதே!”

நான் பெரியவரைத்தான் நம்புகிறேன். தாத்தா உடைத்த பூட்டை ஜமீன்தார் கையால் திறந்ததாக எழுத அவருக்கு எப்படி மனசு வந்தது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.