ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்

வீடு கட்டுவது ஒரு வேலை, அதை வாடகைக்கு விடுவது வேறொரு வேலை; இரண்டாவதற்கு மேஸ்திரி கிடைக்க மாட்டார்.

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டர். குடும்பம் குவார்ட்டர்ஸில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்ததால் அதை விட்டு வர மனசில்லை. ஆனால் எண்பதுகளில் எங்கள் தொழிற்சாலையில் ஆளாளுக்கு அம்பத்தூர் பக்கம் மனை வாங்க, நானும் கள்ளிக்குப்பத்தில் ஒன்று வாங்கிப் போட்டேன். ஷிஃப்ட் முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், சித்தாளோடு சித்தாளாகக் கலவை சுமந்து, ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையற்கட்டு என்று கட்டி முடித்தேன். கடைசி இரண்டு மாதம் மேஸ்திரியோடு சண்டை போட்டு அனுப்பிவிட்டு, மீதி வேலையை நானே பார்த்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

ஆசையாகக் கட்டிய வீட்டில் அடுத்தவரைக் குடிவைத்து, சாவியைக் கொடுத்து, மனசை மட்டும் திரும்ப எடுத்து வர முடியாமல் தவிக்கிற என் சக கஷ்டஜீவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வாய்த்த குடித்தனக்காரர் ஏழுமலை. பூந்தமல்லி பக்கம் குமணன்சாவடிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மனைவி ராணி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பார். மகள் செல்விக்கு அப்போது மூன்று வயது.

பை நிறைய ஸ்பேனர்

அவர்கள் குடிவந்த அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஹேண்டில்பாரில் ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். குழாய்க்கு வாஷர் மாற்றினேன். கீல்களுக்கு எண்ணெய் விட்டேன். ஜன்னல் கொக்கி ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது, முடுக்கினேன். ராணி காபி கொடுத்தார். குடித்தனக்காரரைக் கவனித்துக்கொள்கிற வீட்டுக்காரர் இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தன்தான் என்று திருப்தியாகத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். ரிப்பேர் எதுவும் இல்லாத வாரம் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது மாதமோ என்னவோ, ஒரு ஞாயிறு மத்தியானம். அடுப்பில் கோழிக் குழம்பு கொதிக்கிற வாசனை. நான் ஹாலின் நடுவில் நாற்காலி மேல் ஏறி ஃபேனின் கப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். பாய் விரிக்க இடம் இல்லாமல், ஏழுமலை பனியனோடு சமையற்கட்டு வாசலில் சாய்ந்து நிற்கிறார். ராணி கரண்டியைப் பிடித்தபடி அவரைப் பார்க்கிறார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"சார், கோச்சுக்காதீங்க. இந்த ஊட்ல இன்னிக்கு நீங்க கீறீங்களா, நாங்க கீறோமா?"

பலகை

நான் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன். என் கோளாறே அதுதான்.

நூல்கண்டு, பட்டன் எல்லாம் வைக்கத் தையல் மெஷினுக்கு மேலே ஒரு பலகை அடித்துக்கொள்ளலாமா என்று ராணி ஒருமுறை கேட்டார். "நீங்க அடிச்சா சுவர் பொளந்துடும், நானே பண்ணித் தரேன்" என்றேன். தேக்கு மரம் வாங்கி, இழைத்து, மட்டம் பார்த்து, அருமையாக ஒரு பலகை அடித்தேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் பாலிஷ் பற்றிப் பேசிக்கொண்டே கிளம்பிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவை நூல் மாற்றவும் ராணி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். நான் ஆறடி. என் கைக்கு எட்டுகிற உயரத்தில் அடித்திருக்கிறேன். "ஏம்மா, அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன். அவர் ஊசியில் நூல் கோர்த்தபடி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"அளவு எடுக்காம ஜாக்கெட் தெச்சா யாராச்சும் போட்டுப்பாங்களா சார்?"

ஒழுகாத வீடு

முதல் மழைக்காலம். ஹாலின் கிழக்கு மூலையில், தையல் மெஷின் இருக்கிற பக்கம், கூரையில் ஈரம் படிகிறது என்று ஏழுமலை சொன்னார். குரலைத் தாழ்த்தி, ரொம்பப் பக்குவமாகத்தான் சொன்னார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் தளமா? பாத்தி கட்டி மூன்று வாரம் தண்ணீர் நிறுத்திய தளமா? ஜல்லியை நானே கழுவிப் போட்ட தளமா? அரை மணி நேரம் நின்றபடியே விளக்கினேன். அது மழைத் தண்ணீரே இல்லை, சமையல் ஆவி போய்ப் படிகிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். ஏழுமலை பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி சார், ஊடு ஒழுவல. நாங்கதான் ஈரமா கீறோம்."

செல்வியின் கை

அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து புகாரே வரவில்லை. ஒரு வருடம் முழுக்க. மூலையில் தெரிந்த கறையையும் ஆவி என்றே எடுத்துக்கொண்டு, என் விளக்கம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. ஞாயிறு மழை விட்டதும் வழக்கம்போலப் போய் சைக்கிள் மணியை அடித்தேன். உள்ளே ஏதோ பாத்திரம் உருளும் சத்தம். கதவைத் திறந்தது செல்வி. இடது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. என்னம்மா இது என்று கேட்டதற்கு அவள் கூரையைக் காட்டினாள். கிழக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குக் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், குழந்தை கீழே உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறது. இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தால் தலையில் விழுந்திருக்கும். ராணி அந்த இரண்டு சாணைக் கையால் அளந்து காட்டினார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு குண்டான் கிடந்தது. அரைக் குண்டான் தண்ணீர். ஒழுகுகிற இடத்தில் அதை வைப்பதும், ஞாயிற்றுக்கிழமை என் சைக்கிள் மணி கேட்டதும் எடுத்து ஒளிப்பதும் ஒரு வருடமாக நடந்திருக்கிறது. "ஏன் சொல்லல ஏழுமலை? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவருக்குக் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சார் சொல்லல."

மரகதம் சொன்னது

அன்று சாப்பாடு இறங்கவில்லை. நான் கட்டிய வீடு ஒரு குழந்தையின் கையை உடைத்திருக்கிறது. என் மனைவி மரகதம் விருதுநகர் பக்கத்துக்காரி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துச் சொன்னாள்:

"மழைக்கே பயப்படாத ஆளுங்க, ஒங்களுக்குப் பயந்துல்ல குண்டான ஒளிச்சிருக்காங்க."

நிபந்தனை

மறுநாள் லீவு போட்டுவிட்டு இரண்டு பேருமாகப் போனோம். ஸ்பேனர் பை இல்லாமல் அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. வாசலிலேயே நின்று கதவைத் தட்டினேன்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாக ஏழுமலை சொன்னார். மாசம் முடிந்ததும் போய்விடலாம் என்று யோசனையாம். நான் மறுத்துப் பேசவில்லை. "தப்பு என்னுது. நீங்க ஈரம்னு சொன்னப்ப மேல ஏறிப் பார்த்திருக்கணும். பார்க்கல. கொழந்தைகிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்" என்றேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். தளத்தைச் சரிபண்ணித் தருகிறோம், அதுவரை எங்கள் குவார்ட்டர்ஸில் வந்து இருங்கள், அதற்குப் பிறகும் போக வேண்டும் என்றால் போங்கள் என்றாள் மரகதம்.

ஏழுமலை ராணியைப் பார்த்தார். ராணி மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி நிறுத்தினார். பிறகு சொன்னார்:

"சரி, வரோம். ஆனா மேஸ்திரி நாங்க சொல்ற ஆளு. நீங்க மாடில ஏறக் கூடாது."

விருந்தாளிகள்

பத்து நாள் எங்கள் இரண்டு ரூம் குவார்ட்டர்ஸில் ஏழு பேர். தையல் மெஷின் பால்கனியில். முதல் நாள் ராணி, தண்ணீர்க் குடத்தை இங்கே வைக்கலாமா, துணியை அங்கே காயப்போடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் மரகதத்திடம் கேட்டுக் கேட்டுச் செய்தார். பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. என் வீட்டில் அவர் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்திருப்பார்.

செல்விக்கு மட்டும் எந்தக் கூச்சமும் இல்லை. மாவுக்கட்டில் என் பிள்ளைகள் பூப் படம் வரைந்து விட்டார்கள். அதைக் காட்டிக்கொண்டே பிளாக் முழுக்கச் சுற்றினாள். எதிர்வீட்டு அம்மா, யாரும்மா நீ, எதுக்கு இங்க வந்திருக்கே என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை அந்த அம்மா ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்:

"எங்க ஊட்டுக்கு ஒடம்பு செரியில்ல, அதான் வந்துகீறோம்."

மேதாவி

வேலைக்கு வந்த மேஸ்திரி ஏழுமலைக்கு மாமன் மச்சான் முறை, பெயர் கஜேந்திரன். நான் கொடுத்த வாக்குப்படி கீழே தெருவிலேயே நின்றேன். மேலே கடப்பாரைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு அடி முன்னால் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். ஆனால் வாக்கு வாக்குதான்.

மொட்டை மாடியின் மேல்பூச்சைக் கொத்தி எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் வடிய வாட்டம் இல்லை. வடிகுழாய் இருப்பது மேற்கு மூலையில், தளம் சாய்ந்திருப்பது கிழக்குப் பக்கம். மழைத் தண்ணீர் முழுக்க அங்கே போய்க் குளம் கட்டியிருக்கிறது. மேஸ்திரியை அனுப்பிவிட்டு நானே போட்ட பூச்சு அது. கஜேந்திரனுக்கு அது தெரியாது. கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, என் பக்கத்தில் நின்ற ஏழுமலையிடம், "இன்னா மாமே, எந்த மேதாவி போட்டான் இந்தத் தளத்த?" என்று கத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழுமலை என் முழங்கையை மெல்ல அழுத்திவிட்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"யாரோ ஒரு ஃபிட்டராம் மாமே, இப்ப அந்த வேலைய உட்டுட்டாராம். நீ ஒன் வேலைய பாரு!"

கார்டு

அவர்கள் காட்டுப்பாக்கம் போகவில்லை. புதுத் தளத்துக்குக் கீழே, அதே வீட்டிலேயே இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போவதை நான் விட்டுவிட்டேன். ஏதாவது வேண்டுமென்றால் தபால் கார்டு போடுங்கள், வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். முதல் இரண்டு மாதம் ஞாயிறு காலையில் கை காலெல்லாம் அரித்தது. குவார்ட்டர்ஸில் இருக்கிற எல்லாக் குழாய்க்கும் வாஷர் மாற்றிவிட்டேன். மரகதம் என்னைக் காய்கறி வாங்க அனுப்பிப் பார்த்தாள்.

மூன்றாவது மாதம் ராணி கையெழுத்தில் ஒரு கார்டு வந்தது. பின்பக்கக் குழாய் சொட்டுகிறது, அவசரமில்லை என்று இரண்டு வரி. அதற்குக் கீழே ஏழுமலை தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்:

"ஞாயிறு கோழி, அக்காவை கூட்டிகினு சாப்பிட வரவும், கொயாவ அப்பறம் பாத்துக்கலாம்."

ராணி கொடுத்த சர்டிஃபிகேட்

அவர்கள் எட்டு வருடத்துக்கு மேல் இருந்தார்கள். தொண்ணூற்றைந்தில் ஏழுமலை சொந்தமாக ஒரு லேத் போட்டு, பூந்தமல்லி பக்கமே போவது என்று முடிவானது. எனக்குச் சோறு தண்ணி இறங்காத அளவு வருத்தம். ராணியோ, "நானே ஆளு பாத்துத் தரேன், நீங்க கம்முனு இருங்க" என்று சொல்லிவிட்டார். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கம், கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணை அழைத்து வந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் வாசலில், கூப்பிட்டால்தான் உள்ளே போவது என்ற என் புது வழக்கப்படி நின்றேன்.

வெயில் எந்த ஜன்னல் வழியாக வரும், எந்தக் கதவு மழைக்கு உப்பும், பக்கத்து வீட்டில் யார் எப்படி, எல்லாம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரவுக எப்படிக்கா?" என்று கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. ராணி என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்:

"நல்லவருதாம்மா. எதுனா ஒழுவுச்சுன்னா ஒடனே சொல்லிடு, இப்பல்லாம் தாங்கிப்பாரு."

ஆக, கஷ்டஜீவிகளே, வீட்டுச் சாவியைக் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது, வீட்டைக் கொடுத்து முடிக்கத்தான் இரண்டு மழைக்காலம் பிடித்தது.