காயம்பட்ட பறவை ஒன்று

எங்கள் தீவுக்கு வாரத்தில் இரண்டு தடவை படகு வரும். காற்று அடித்தால் அதுவும் வராது. வேடிக்கை பார்க்க மனிதர்கள் போதாததால் பறவைகளைப் பார்க்க ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இயற்கை வரலாற்றுச் சங்கம் என்று பெயர். உறுப்பினர்கள் ஒன்பது பேர், அதில் நானும் ஒருத்தி. கொக்குக்கும் நாரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பதிவேடு எழுதச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டத்தில் பிஸ்கட் தருவார்கள், நானும் தலையாட்டிவிட்டேன்.

என் அண்ணன் மனைவி படகுத்துறைக் கொட்டகையில் சரக்கு நிறுத்துச் சீட்டு எழுதுகிறவள். சங்கத்தை "வேலை வெட்டி இல்லாதவங்க கூட்டம்" என்பாள். அப்பேர்ப்பட்டவள் போன வருடம் ஒருநாள் விண்ணப்பப் படிவம் கேட்டாள்.

"எதுக்கு அண்ணி?"

"கொட்டகைக்குப் பின்னாடி கூழாங்கல்லுல உப்புக்கொத்தி ஒண்ணு மூணு முட்டை போட்டிருக்கு. அங்கதானே உங்க சங்கம் கட்டடம் கட்டப்போகுது?"

அங்கேதான். செத்த பறவைகளைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பறவைகளைக் காப்போம் என்று பலகை மாட்ட ஒரு மண்டபம். வியாழக்கிழமைப் படகில் செங்கல் வருகிறது. உயிரோடு இருக்கிற பறவை நடுவில் புகுந்து இடைஞ்சல் செய்யும் என்று யார் கண்டார்கள்? அதுவும் உப்புக்கொத்தி. உள்ளங்கை அளவு பறவை, கூடு கட்டுகிற வழக்கமே இல்லை. கல்லோடு கல்லாக முட்டையிட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. தலைவர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் பதிவேட்டில் எழுதலாம். தலைவர் பல் டாக்டர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து அப்போது நாலு வருடம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பல்லைப் பிடுங்கிய மனிதர், தன் கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவந்தார். ஆகவே பதிவேட்டின்படி நாலு வருடமாகத் தீவுக்குப் புதிதாக ஒரு குருவிகூட வரவில்லை. அவருக்குக் கண் தெரியவில்லை என்று யாரும் சொல்லமாட்டோம். அதற்கு மரியாதை என்று பெயர்.

அண்ணியைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் கூட்டத்திலேயே முட்டை விஷயத்தைச் சொன்னாள்.

"பதிவேட்டுல இல்லையேம்மா" என்றார் டாக்டர்.

"நீங்க வந்து பாத்தா இருக்கும்."

புதன்கிழமை காலை எல்லோரும் தொப்பி சகிதம் போனோம். டாக்டர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். அதன் மூடியைக் கழற்றவில்லை. அதையும் யாரும் சொல்லவில்லை.

"அந்த வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்துல மூணு பாருங்க டாக்டர்."

"எல்லாம் கல்லாத்தானேம்மா இருக்கு" என்று ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி வைத்தார். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. "நில்லுங்க" என்று அவள் சொல்வதற்குள் பறவை அவர் காலடியிலிருந்து கிளம்பியது. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, கீச்கீச்சென்று கத்தி, நொண்டி நொண்டி ஓடியது.

"அடடா, அடிபட்டுடுச்சே" என்று டாக்டர் சத்தம் வந்த பக்கம் ஓடினார். அவர் பின்னால் சங்கமே ஓடியது. பிடிக்கப்போனால் பறவை இன்னும் பத்தடி நொண்டும். தண்ணீர் ஓரம் வரை இப்படியே போனோம்.

"நடிக்குது. முட்டைகிட்ட வரவிடாம நம்மள இழுத்துட்டுப் போகுது" என்று அண்ணி என் காதில் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். மணிக்கட்டில் கிள்ளினாள். "பேசினே, இருக்கு உனக்கு."

டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டே எழுதச் சொன்னார்: காயம்பட்ட பறவை ஒன்று, தலைவர் நேரில் கண்டது. நாலு வருடத்தில் முதல் பதிவு. கையோடு தீர்மானமும் போட்டார். பறவை குணமாகும்வரை அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது, செங்கல்லைத் தன் வீட்டு வாசலில் இறக்கலாம், புது உறுப்பினர் வாராவாரம் நிலவரம் சொல்லவேண்டும்.

அண்ணியும் வாராவாரம் சொன்னாள். "இன்னும் ஆறல டாக்டர்." குஞ்சு பொரித்த வாரமும் அதே முகத்தோடு, "நொண்டுது டாக்டர்" என்றாள். கட்டுப்போட டாக்டர் பஞ்சு கொடுத்தனுப்பினார். நான் அத்தனை பொய்யையும் மணிமணியாக எழுதினேன்.

எட்டாவது வாரம் அண்ணி, "குணமாயிடுச்சு. பறந்துடுச்சு" என்றாள்.

பதிவேட்டில் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது. பழக்க தோஷத்தில், "எத்தனை?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணிக்கும் ஏதோ ஞாபகம். "அஞ்சு" என்றாள்.

எல்லோரும் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள். காயம்பட்டது ஒன்று, குணமானது ஐந்து: தாயும் தகப்பனும் மூன்று குஞ்சுகளும். தீர்ந்தது, அண்ணியையும் என்னையும் சேர்த்துத் துரத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"அஞ்சுன்னே எழுதும்மா" என்றார் டாக்டர். "நாப்பது வருஷமா என் நாற்காலியில உக்காந்து கத்துறவங்களக் கேட்டிருக்கேன். நிஜ வலி எது, பொய் வலி எதுன்னு எனக்குத் தெரியாதா? அது அவ்வளவு கத்துனா காப்பாத்த ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்." அண்ணி பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நான் எவ்வளவு கிட்டப் போயிட்டேன்?"

"இன்னும் ஒரு அடி வெச்சிருந்தா மிதிச்சிருப்பீங்க" என்றாள் அண்ணி. சங்கத்தில் யாரும் அவரிடம் சொல்லாததை அவள்தான் சொன்னாள்.

டாக்டர் தலையாட்டினார். "அடுத்த படகுல கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அதையும் எழுது."

எழுதி, கையெழுத்துப் போடக் கொடுத்தேன். அவர் பேனா கட்டத்தை விட்டு மேஜை விரிப்பில் போய் நின்றது. அண்ணி எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்துக் கட்டத்துக்குள் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.