ஜெப எண்ணெய்

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சுவிசேஷம் சொல்லாதவன் என்ன விசுவாசி என்று எங்கள் பாஸ்டர் ஞாயிறு தவறாமல் கேட்பார். ஃபேனுக்குக் கீழே நின்று கேட்பது லேசு. நாகல் நகரில் ஒட்டுச் சுவர் வீட்டில் குடியிருந்து சொல்லிப் பார்க்கட்டும். நான் வாய்க்காரி என்று தெருவுக்கே தெரியும். அந்த வாயே இந்த விஷயத்தில் தயங்கும்.

அடுத்த வீட்டுப் பெண்ணிடம் நானாகப் போகவில்லை. ஆத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஏற்கெனவே இரண்டு கரு கலைந்து, இப்போது ஏழு மாதம். ஒருநாள் குழாயடியில் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் நம்புகிறவரைப் பற்றி அவளிடம் சொன்னேன். தலையில் கை வைத்து ஜெபித்தேன். சபையில் ஜெபித்துக் கொடுத்த தேங்காயெண்ணெயைச் சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, வயிற்றில் தடவிக்கொள்ளச் சொன்னேன். எங்கள் வீடுகளில் தலைவலிக்கும் அதுதான், பரீட்சைக்கும் அதுதான்.

அது அவள் மாமியார் கண்ணில் பட்டது. பேர் ஒட்டாத பாட்டில், பக்கத்து வீட்டுப் பொம்பளை கொடுத்தது, பிள்ளைத்தாய்ச்சி வயிற்றில் தடவச் சொன்னது. அந்த வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான்: செய்வினை. எனக்கு அது தோன்றவே இல்லை, பாருங்கள். எண்ணெயை முச்சந்தியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் அவள் புருஷன் வந்தான். லோடு வண்டி ஓட்டுகிறவன். சண்டைக்குத்தான் வருகிறான் என்று நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவன் சத்தமே போடவில்லை.

"என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, ஒங்களத்தான்க்கா கேப்பேன்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

அதன்பின் அந்த வீட்டுச் சத்தத்துக்கே காது கொடுத்துக் கிடந்தேன். அவள் இருமினால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஜெபித்தேன். பிள்ளைக்காகவா, எனக்காகவா என்றால் இரண்டுக்கும்தான். அவன் வண்டி என் வாசலில் செத்த நேரம் உறுமிக்கொண்டு நிற்கும். இறங்க மாட்டான். வேறு வீடு பார்த்துவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். ஓடினால் செய்வினை வைத்தவள் என்றே ஆகிவிடும் என்றேன். அதோடு, சுவிசேஷம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்கத் தெரியாதவள் எதற்காக வாயைத் திறக்க வேண்டும்?

ஒரு காலையில் அவளே வந்து என் கதவைத் தட்டினாள். மாமியார் ஒரு விசேஷத்துக்கு வத்தலக்குண்டு போயிருந்தார். புருஷன் போனை எடுக்கவில்லை.

"நேத்துலருந்து பிள்ள அசையலக்கா."

கூடப் போனால் பழி என் தலையில் விழும். போகாமல் இருக்க முடியுமா? ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் வயிற்றில் கருவியை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பிறகு கருவியை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். எனக்குப் புரிந்துவிட்டது.

பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. டாக்டர் சொல்லிவிட்டுப் போன சற்று நேரத்தில், தகவல் தெரிந்து புருஷன் தன் அண்ணனோடு வந்தான். போய்விடுங்கள் என்று நர்ஸ் எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் கட்டிலை விட்டு நகரவில்லை. அண்ணன் கதவைச் சாத்தினான். புருஷன் என்னை நோக்கி வந்தான்.

கட்டிலில் கிடந்தவள் எட்டி என் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. நான் போயி நின்னதும் வந்தது அவங்க ஒருத்தர்தான்." பிறகு என்னைப் பார்த்து, "ஜெபம் பண்ணுங்கக்கா" என்றாள்.

புருஷன் சுற்றி வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. ஜெபிக்க வேண்டுமென்றால் நான் கண்ணை மூட வேண்டும்.

மூடினேன்.